படுவான்கரையிற் பணமும் மனமும்

தமிழில் நாணயம் என்னும் சொல் இரு பொருள் தருவது. அரசு முத்திரையிட்ட காசையும் அது குறிக்கும். சொன்ன சொற் பிறழாத மனிதனின் நேர்மையையும் அது குறிக்கும். மட்டக்களப்பு நாட்டில் வழங்கும் மற்றொரு சொல்லும் இத்தொடர்பிற் கருதற்பாலது. அங்கே கோயிற் சொத்தைப் பரிபாலிக்கும் பொறுப்பாளர் வண்ணக்கர் எனப்படுவர். பண்டைத் தமிழில் வண்ணக்கன் என்பவன் பொன்னையும் காசையும் நோட்டம் பார்த்துத் தரம் கூறுபவன். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், வடமவண்ணக்கன் தாமோதரனார் முதலிய சங்கப் புலவர் பெயர்களில் அத்தொழிற்பெயர் நிலைத்துள்ளது. காசின் மாற்றை அறிபவனுக்குரிய பெயரும் பொதுச் சொத்துக்குப் பொறுப்பேற்பவனுக்குரிய பெயரும் ஒன்றாயிருத்தல் பொருட்செறிவுடையது. காசைச் சோதித்தல் எளிது. காசுக்குப் பின்னே நிற்கும் மனிதனைச் சோதித்தலே அரிது. பணத்தின் வடிவம் மாறிய ஒவ்வொரு காலத்தும் சாதாரண மக்கள் எழுப்பிய முதல் வினா, 'இதற்கு யார் பொறுப்பு?' என்பதே. கைத்தொலைபேசியின் வழியே பணம் கைமாறும் இக்காலத்தும் அவ்வினா மறையவில்லை. வெல்லாவெளியைச் சூழ்ந்த பகுதியின் பொருளியல் வரலாறு இதனை நன்கு விளக்குகின்றது.

வெல்லாவெளி, மட்டக்களப்பு வாவியின் மேற்கே, போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் அமைந்துள்ள ஊர். வாவியின் மேற்குக் கரை படுவான்கரை எனவும், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரை எழுவான்கரை எனவும் வழங்கும். ஞாயிறு படும் திசையும் எழும் திசையும் பற்றி எழுந்த இப்பெயர்கள் பொருளியல் வேற்றுமையொன்றையும் தம்முள் அடக்கியவை. கச்சேரி, கடைத்தெரு, வங்கி என்பன நெடுங்காலம் பெரும்பாலும் எழுவான்கரைக்கே உரியனவாயிருந்தன. வயலும் குளமும் மாட்டுப்பட்டியும் காடும் படுவான்கரையின் செல்வம். காசுக் கருமம் உடையவர் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிக்குடியை அடைந்தனர். மண்டூர்ப் பக்கத்தார் குருமன்வெளித் துறைக்கு ஓடமேறினர். அவ்வழி நடை மக்களுக்கு இடர் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கடன் வாங்க நினைத்தவனுக்கும் பொருள் வாங்க நினைத்தவனுக்கும் எண்ணிப் பார்க்கச் சிறிது காலத்தை அத்தூரம் அளித்தது. இவ்விடைவேளையின் பெறுமதி அது மறைந்த பின்னரே புலப்பட்டது.

மட்டக்களப்பில் வேளாண்மை என்றால் நெற்செய்கை என்பதே பொருள். நெல்லே அங்கு உணவு, கூலி, குத்தகை, வட்டி, காணிக்கை ஆகிய யாவுமாயிற்று. போடியார் எனப்பட்ட நிலவுடைமையாளர், அவரிடம் வேலைசெய்த வயற்காரர், நீர்ப்பாய்ச்சலை மேற்பார்த்த வட்டவிதானையார் ஆகியோர் களவெட்டியிலே தத்தம் பங்கைப் பெற்றனர். சூடடித்த நெல்லை மரைக்காலால் அளக்கும்போது முதல் அளவை 'ஒன்று' என்னாது 'இலாபம்' என்று எண்ணுதல் தமிழர் மரபு. களவெட்டியிற் பேசும் சொற்களுக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. குறைவையும் முடிவையும் சுட்டும் சொற்கள் அங்கே விலக்கப்பட்டு, பொலிவைச் சுட்டும் சொற்களே வழங்கும். இதனை மூடநம்பிக்கையென ஒதுக்குதல் எளிது. குவியல் குறைந்து செல்வதைக் கண்ணாற் காணும் மனிதன் அடையும் கலக்கத்தைச் சொல்லால் ஆற்றிக்கொள்ளும் முறை இதுவென்று கொள்ளுதலே பொருத்தமாகும்.

மரைக்கால் மரைக்காலாக நெல் பிரிந்து செல்வதைக் காண்பவன் செலவின் அளவை உணர்கிறான். அன்றியும் நெல்லுக்கு நெல் வேற்றுமை உண்டு. வித்துக்கென வைத்த நெல்லைப் பட்டினியிலும் தொடலாகாது. கோயிலுக்கு நேர்ந்த நெல்லை விற்கலாகாது. கலியாணத்துக்கென ஒதுக்கியதை நோய்க்கும் எடுக்கத் தயங்குவர். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் றிச்சாட் தேலர், மனிதர் தம் பணம் முழுவதையும் ஒன்றாகக் கருதாது மனத்துள்ளே தனித்தனிக் கணக்குகளாகப் பிரித்து வைப்பர் என்று 1980களில் விளக்கினார். 2017இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்ததற்கு இவ்வாய்வும் ஒரு காரணம். பட்டறையில் வித்துநெல்லை வேறாகக் கட்டிவைத்த உழவன் இவ்வுண்மையை நூலின்றியே அறிந்திருந்தான்.

இத்தகைய பொருளியலிற் கடன் முகமறிந்தோரிடையே நிகழ்வது. விதைப்புக் காலத்தில் வித்துக்கும் சாப்பாட்டுக்கும் போடியாரிடமோ கடைக்காரரிடமோ பெற்றதை அறுவடையில் நெல்லாகத் திருப்பிக் கொடுத்தனர். வட்டி பெரும்பாலும் கடுமையானது. கொடுத்தவர் குறித்த விலையிலேயே நெல்லைக் கொடுக்கவேண்டிய நிலையும் உண்டு. இம்முறையைப் புகழ்தற்கில்லை. எனினும் கடன் கொடுத்தவர் வாங்கியவரின் வயலையும் குடும்பத்தையும் அறிந்திருந்தார். மழை பொய்த்த ஆண்டிலே தவணை கேட்டு அவர் முற்றத்தில் நின்று பேசுதல் வாங்கியவருக்கு இயன்றது. சுரண்டலும் பொறுப்பும் ஒரே முகத்தில் இருந்தன.

முகமற்ற பணமாகிய தாட்காசு இலங்கை மக்களின் நம்பிக்கையைப் பெற்ற வரலாறு அதிர்ச்சியொன்றிலிருந்து தொடங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாணயத்தாள்களை வெளியிட்டவை தனியார் வங்கிகளே. அவற்றுள் முதன்மையானதாகிய ஓரியன்றல் வங்கிக் கூட்டுத்தாபனம், கோப்பிச் செய்கையை இலைநோய் அழித்ததைத் தொடர்ந்து, 1884 மே 3ஆந் திகதி கதவடைத்தது. தாள் வைத்திருந்தோர் திகைத்தனர். அப்போது தேசாதிபதியாயிருந்த சேர் ஆதர் கோர்டன் அவ்வங்கியின் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என அறிவித்தார். அவ்வாண்டிலேயே தாட்காசுக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டு, 1885 முதல் அரசாங்கமே நாணயத்தாள்களை வெளியிட்டது. வங்கியின் கட்டடமும் பெயரும் நிறுத்தமாட்டாத கலக்கத்தை 'நான் பொறுப்பு' என்ற ஒரு சொல் நிறுத்தியது. தாளின் பெறுமதி அதனை எழுதியவனின் பொறுப்பேயன்றி வேறன்று என்பதை மக்கள் அன்று கண்டனர்.

பின்வந்த அரை நூற்றாண்டில் இலங்கையின் உள்நாட்டுக் கடன் பெரும்பாலும் நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் கையிலிருந்தது. வெளிநாட்டு வங்கிகள் செட்டியாருக்குக் கொடுத்தன. செட்டியார் ஏனையோருக்குக் கொடுத்தனர். 1925இற் சில செட்டியார் நிறுவனங்கள் முறிவடைந்ததும் வங்கிகள் அவர்களுக்குக் கொடுத்துவந்த கடனைச் சுருக்கின. அச்சுருக்கம் நாடெங்கும் பரவியது. 1934இல் சேர் சொராப்ஜி போச்கானவாலாவின் தலைமையில் அமர்ந்த வங்கி ஆணைக்குழு அரசின் ஆதரவுடைய வங்கியொன்றை வேண்டியது. 1939 ஓகஸ்ட் 1ஆந் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டது. கிராமத்தைப் பொறுத்தவரையில் இவற்றினும் அண்மையாய் வந்தவை 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுந்த ஐக்கிய நாணய சங்கங்கள். கடனுக்கான சங்கத்தைத் தமிழர் 'நாணய சங்கம்' என்றே பெயரிட்டமை நோக்குக. அங்கத்தவர் ஒருவர் மற்றவருக்குப் பிணை நின்றமையால் நாணயம் மனிதரின் பண்பாகவே நின்றது.

அரசு நேரே கடன் கொடுக்கத் தொடங்கியபோது விந்தையான மனநிலையொன்று தோன்றியது. 1961 யூலை 1ஆந் திகதி மக்கள் வங்கி தொடங்கிற்று. 1967இற் புதிய விவசாயக் கடன் திட்டம் வந்தது. நாடெங்கும் இக்கடன்களின் அறவீடு குறைவாயிருந்தது. கூடிய வட்டி கேட்ட ஊர்க் கடன்காரனுக்கு முந்திக் கொடுத்த உழவன், குறைந்த வட்டி கேட்ட அரசுக்குப் பிந்திக் கொடுத்தான். ஊரிலே மானம் போகும். அரசாங்கக் காசோ யாருடையதுமன்று என்பது அவன் எண்ணம். தேர்தற் காலங்களிற் கடன்கள் தள்ளுபடியானமை அவ்வெண்ணத்தை உறுதிப்படுத்தியது. முகம் இல்லாதவிடத்துப் பொறுப்பும் தளரும் என்பது வாங்குவோனுக்கும் பொருந்தும் உண்மையாகும்.

தாட்காசின்மேல் ஐயம் எழுந்த காலமும் உண்டு. 1970 ஒக்டோபரில் நிதியமைச்சர் கலாநிதி என். எம். பெரேரா 50 ரூபாய், 100 ரூபாய்த் தாள்கள் செல்லுபடியாகா என அறிவித்து, குறித்த சில நாட்களுள் அவற்றை வங்கியில் ஒப்படைக்கும்படி பணித்தார். 2016 நவம்பர் 8ஆந் திகதி இந்தியாவில் 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்களுக்கு நேர்ந்ததும் இதனையொத்ததே. கள்ளப்பணம் வைத்திருந்தோரைக் குறித்த ஆணைகளாயினும், வங்கியை அணுகாது பெட்டியிற் காசு சேர்த்த எளியோரையும் இவை கலங்கச் செய்தன. பொன்னை மக்கள் விடாது பற்றியதற்குரிய காரணம் ஈண்டு விளங்கும். பொன்னை எந்த ஆணையும் செல்லாக்காசாக்குவதில்லை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி சூறையாடியபோதும், 1983 முதல் 2009 வரை நீடித்த போரின்போதும், சிறப்பாக 2007இற் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோதும், உடலோடு கொண்டு செல்லத்தக்க சேமிப்பு நகையொன்றே. அதனை அடகு வைத்தலிலும் மனவியல் உண்டு. தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுக்கும் பெண் தன் கடனின் பாரத்தைக் கழுத்தின் வெறுமையாலே நாள்தோறும் உணர்வாள். ஆதலால் மீட்க முயல்வாள்.

பெண்களிடையே வழங்கிய மற்றொரு சேமிப்பு முறை சீட்டு. பலர் மாதந்தோறும் ஒரே தொகையிட்டு, முறைவைத்து ஒவ்வொருவராக முழுத்தொகையையும் பெறும் இவ்வழக்கம் இலங்கை முழுவதும் பரந்திருந்தது. 1935இலேயே இதற்கெனச் சீட்டுக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அமெரிக்க மானிடவியலாளர் கிளிபட் கீட்ஸ் 1962இல் எழுதிய ஆய்வொன்றில், கிராமியப் பொருளாதாரத்துக்கும் நவீன நிதி நிறுவனங்களுக்கும் இடைப்பட்ட படியாக இத்தகைய சங்கங்களைக் கண்டார். சீட்டின் வலிமை கட்டாயத்தில் உள்ளது. தன் கையிலுள்ள காசைத் தானே காக்கமாட்டாத மனிதன் பிறர் கண்முன் வாக்குக் கொடுத்துத் தன்னைக் கட்டிக்கொள்கிறான்.

போர் ஓய்ந்தபின் நுண்கடன் நிறுவனங்கள் படுவான்கரைக்கு வந்தபோது இவ்வழக்கத்தின் மேலேயே தம் முறையைக் கட்டின. வங்காளதேசத்தில் 1976இற் பேராசிரியர் முகமது யூனுஸ் தொடங்கிய முயற்சியைப் பின்பற்றிப் பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கொருவர் பிணைநிற்கச் செய்து, கிழமைதோறும் தவணை பெற்றனர். சீட்டிலே போடுபவரும் பெறுபவரும் ஒருவரே. நுண்கடனிலோ வட்டி ஊரை விட்டுச் சென்றது. மானத்துக்கு அஞ்சும் மனம் மாத்திரம் பழையபடி பயன்படுத்தப்பட்டது. ஒரு நிறுவனத்தின் தவணைக்கு மற்றொரு நிறுவனத்திற் கடன்பட்ட பெண்கள் பலர். 2010இல் இந்தியாவின் ஆந்திரப் பிரதேசத்தில் இத்தகைய நெருக்கடி முற்றி, அம்மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. இலங்கையில் 2016ஆம் ஆண்டு 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2018இல், வறட்சியால் தாக்குண்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் நாட்டுக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ போகொஸ்லாவ்ஸ்கி, கடன் அறவிடுவோரால் பெண்கள் படும் துன்பத்தை எடுத்துரைத்தார். ஒரு சமூகத்தின் நற்பண்பே அதற்குப் பொறியாகலாம் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டியதில்லை.

இப்பின்னணியிலேதான் டிஜிற்றல் எனப்படும் எண்முறை நிதி கிராமத்தை அடைந்தது. ஆபிரிக்காவிலே கென்யா 2007இல் 'எம்-பெசா' என்னும் முறையால் தொலைபேசி எண்ணையே பணப்பையாக்கியது. இலங்கையில் 2012இல் 'ஈசி காஷ்' சேவை தொடங்கிற்று. வங்கிகளிடையே உடனுக்குடன் பணம் மாற்றும் பொது முறை 2015இலும், கைத்தொலைபேசிச் செயலிகளுக்கான 'ஜஸ்ற்பே' முறை 2017இலும் வந்தன. கடைகளுக்குரிய 'லங்கா கியூஆர்' குறியீட்டுத் தரம் 2018இல் வகுக்கப்பட்டது. 2020 மார்ச்சிற் கொள்ளைநோய் பற்றிய ஊரடங்கு நாட்டை முடக்கியபோது இவை பழக்கமாயின. 2023இல் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பயனாளிகளின் வங்கிக் கணக்கில் நேரே இடப்பட்டது. இந்தியாவின் 'யூபிஐ' முறை 2024 பெப்ரவரி 12ஆந் திகதி இலங்கையிலும் தொடக்கி வைக்கப்பட்டது. மத்திய கிழக்கில் உழைக்கும் மகள் அனுப்பும் பணத்தை அறியத் தாய் இனிப் பாலம் கடக்க வேண்டியதில்லை. இது பெரும் பேறு. இதனைக் குறைத்து மதிப்பிடுவோர் வெயிலில் வங்கி வாயிலிற் காத்துநின்றவர் அல்லர்.

எனினும் பாலத்தோடு இடைவேளையும் போயிற்று. மாசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த திராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்ரர் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டு பயன்படும். விளையாட்டுப் போட்டிக்குரிய நுழைவுச்சீட்டுகளை அவர்கள் மாணவரிடையே ஏலமிட்டனர். கடனட்டையாற் கொடுக்கவேண்டியோர் காசாகக் கொடுக்கவேண்டியோரைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு கேட்டனர். பொருள் ஒன்றே, கொடுக்கும் முறை மாறியதும் அதன் விலை மனத்திற் குறைந்தது. இழப்பின் துயர் அதேயளவு பேற்றின் மகிழ்ச்சியினும் மிகுதி என்று தானியேல் கானிமனும் ஏமஸ் துவேர்ஸ்கியும் 1979இல் நிறுவியிருந்தனர். அத்துயரே செலவுக்குக் கடிவாளம். மரைக்காலால் நெல் அளந்தவன் அதனை முழுமையாக உணர்ந்தான். தாளை எண்ணிக் கொடுத்தவன் ஓரளவு உணர்ந்தான். திரையில் விரல் வைப்பவன் உணராமலே கொடுத்துவிடுகிறான். வித்துநெல்லைக் காத்த மனக்கணக்குகளும் இங்கே தளர்கின்றன. கணக்கில் ஒரே எண்ணாகத் தோன்றும் தொகையிற் கோயிற் காசு எது, கலியாணக் காசு எது என்று காட்டும் முடிச்சு இல்லை.

இன்னுமோர் ஆய்வு வேளாண் சமூகத்துக்கு நேரே பொருந்துவது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் சபீர், ஜியாயிங் சாவோ ஆகியோர் தமிழ்நாட்டின் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்புச் செய்கையாளரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். அதே உழவன் அறுவடைக்கு முன் கைமுடையாயிருக்கும்போது சிந்தனைச் சோதனையிற் குறைவாகவும், அறுவடைக்குப் பின் நன்றாகவும் விடையளித்தான். அறிவு குன்றவில்லை, கவலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. போரதீவுப்பற்றின் உழவனுக்கும் ஆண்டிலே அத்தகைய மாதங்கள் உண்டு. மாரிப்போகத்துக்கு வித்தும் பசளையும் தேடும் காலத்தில், இரவு பத்து மணிக்கு, 'உடனடிக் கடன்' என்ற செய்தி அவன் கையிலே ஒளிர்கின்றது. முன்னர் போடியார் வாசலுக்குச் செல்ல வெட்கமும் தூரமும் தடையாயிருந்தன. இப்போது எவ்விதத் தடையும் இன்றி, சிந்தனை மிகத் தளர்ந்த வேளையிலேயே கடன் வந்து சேர்கின்றது.

மோசடி செய்வோரும் இம்மனவியலை நன்கறிந்தவரே. வங்கி அலுவலர் போலப் பேசி இரகசிய இலக்கத்தைக் கேட்பவர் அச்சத்தையும் அவசரத்தையும் ஒருங்கே ஊட்டுகின்றார். ஆட்சேர்த்தாற் பணம் பெருகும் என்னும் பிரமிட்டுத் திட்டங்களை வங்கிச் சட்டம் தடைசெய்துள்ளபோதும், அவை உறவினர் வாயிலாகவே பரவுகின்றன. மைத்துனன் சொன்னான், ஆசிரியர் சேர்ந்தார் என்பதே அங்கு சான்று. நிறுவனம் முகமற்றது, முகம் உறவினருடையது. 2008 டிசம்பரிற் கொழும்பிலே 'கோல்டன் கீ' என்னும் கடனட்டை நிறுவனம் வீழ்ந்தபோது, புகழ்பெற்ற வணிகக் குழுமத்தின் பெயரை நம்பி வைப்பிட்ட கற்றோரும் தவித்தனர். ஆகவே இதனைக் கிராமத்தாரின் அறியாமை என்று கூறுதல் நேர்மையன்று.

சட்டம் இவற்றை முற்றும் காணாதிருக்கவில்லை. இந்தியாவின் ரிசேவ் வங்கி 2022 செப்டெம்பரில் எண்முறைக் கடனுக்கு விதித்த நெறிகள், மொத்த ஆண்டுச் செலவை முன்கூட்டியே காட்டவேண்டும் எனவும், கடனை மறுத்துத் திருப்பிக் கொடுக்கச் சில நாள் இடம் தரவேண்டும் எனவும் கூறின. இலங்கை மத்திய வங்கி 2023இல் நிதி வாடிக்கையாளர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது; தனிப்பட்ட தரவுகளைக் காக்கும் சட்டம் 2022இல் இயற்றப்பட்டது. இவற்றின் உட்கருத்து பழையதே. வாவியைக் கடந்த வழிநடை முன்பு தந்த இடைவேளையை, இன்று சட்டம் 'மறுபரிசீலனைக் காலம்' என்ற பெயராற் செயற்கையாக உண்டாக்க முயல்கின்றது. 1884இல் தேசாதிபதி கூறிய 'பொறுப்பு' என்ற சொல்லை ஒழுங்குவிதியின் வாசகமாக எழுத முயல்கின்றது.

ஆயினும் கொழும்பில் அச்சான விதி, படுவான்கரையின் தனி வீட்டில் இரவிலே திரையை நோக்கியிருக்கும் பெண்ணை எட்டுவது எவ்வாறு? அவளுடைய மொழியிற் பேசும், அவள் சென்று காணத்தக்க மனிதர் ஒருவர் ஊரிலே வேண்டும். முறைப்பாடு எவரிடம், எந்தக் கதவில், எத்தனை நாளுள் என்பது அவளுக்குத் தெரிதல் வேண்டும். ஐக்கிய சங்கம், பிரதேச செயலகம், பாடசாலை ஆகியவை அப்பணியை ஏற்கத்தக்கன. பிழையாகச் சென்ற பணத்துக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லாத நிலையில், எத்துணை விரைவான முறையும் மக்களின் முழு நம்பிக்கையைப் பெறாது. அவர்கள் அதனைப் பயன்படுத்துவர், பொன்னையே நம்புவர்.

நெல், தாள், பொன், எண் என வடிவங்கள் மாறிவந்தன. அவற்றை ஏற்றும் மறுத்தும் வந்த மனம் பெரிதும் மாறவில்லை. கொடுக்கும்போது நோகவும், வாங்குமுன் சிந்திக்கவும், தவறினால் ஒருவரைக் கேட்கவும் அம்மனம் விரும்புகின்றது. இம்மூன்றுக்கும் இடமளிக்கும் நிதிமுறை நாணயமுடையது. காசின் தரம் பார்த்தவனையும் பொதுச் சொத்துக்குப் பொறுப்பேற்றவனையும் ஒரு பெயரால் அழைத்த மட்டக்களப்பு நாட்டார்க்கு இது புதிய அறிவன்று; புதிய பணத்தை ஆள்வோர் அவர்களிடமிருந்து கற்கவேண்டிய பழைய அறிவேயாகும்.